ராகேஷுக்கு எந்த ஊர்?

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதுகிறேன். பீகாரிலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர் ராகேஷ் குமாரை வைத்து எழுதிய கதையை அனுப்பியிருக்கிறேன். 'உனக்குத் தெரியாத சனத்தைப் பற்றி ஏன் எழுதுகிறாய்?' என்கிறார் நண்பர். எழுதலாமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தாராளமாக எழுதுங்கள். தெரியாதது குற்றமில்லை. பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்காமல் எழுதியதுதான் தப்பு.

ராகேஷ் 'நம்பள் நாளைக்கு வர்றான்' என்கிறான். பழைய சினிமாவில் சேட்டுகள் பேசிய தமிழ் இது. திருப்பூரில் யாராவது இப்படிப் பேசி நீங்கள் கேட்டதுண்டா? சூப்பர்வைசரிடம் தட்டுத் தடுமாறிப் பேசட்டும், சரி. ராத்திரி அம்மாவிடம் போனில் பேசும்போதும் ஏன் அதே உடைந்த தமிழ்? அங்கே அவன் பேசுவது தாய்மொழி. கிண்டலும் கோபமும் சரளமாக வரும். அந்த இடத்தில் அவனுக்கு நல்ல தமிழைக் கொடுங்கள்.

அப்புறம், அந்தத் தாய்மொழி இந்தி என்று எழுதிவிட்டீர்கள். தர்பங்கா பக்கம் என்றால் மைதிலி, சிவான் என்றால் போஜ்புரி, கயா என்றால் மகஹி. இந்தி அவனும் பள்ளிக்கூடத்தில் படித்ததாக இருக்கலாம். அதனால் முதலில் ஊரை முடிவு செய்யுங்கள். 'குமார்' நமக்கு வெறும் பெயர். பீகாரில் சாதி தெரியக்கூடாது என்று குடும்பப் பெயரை விட்டுவிட்டு குமார் என்று போட்டுக்கொள்பவர்கள் நிறைய. உங்கள் ராகேஷ் அப்படிப்பட்டவனா? 'வடக்கன்' என்ற சொல் சூப்பர்வைசர் வாயில் வரட்டும், கதைசொல்லி வாயில் வேண்டாம்.

தீபாவளியன்று அவன் தனியாக அழுவதாக முடித்திருக்கிறீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அழுவதானால் ஆறு நாள் கழித்து வரும், பீகாரின் பெரிய பண்டிகையான சத் பூஜைக்கு அழுவான். சுமார் 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம். ஆற்றிலோ குளத்திலோ இறங்கி நின்று, முதலில் மறையும் சூரியனுக்கு அர்க்கியம் விடுவார்கள், மறுநாள் விடியலில்தான் உதிக்கும் சூரியனுக்கு. கோதுமை மாவில் வெல்லம் சேர்த்துப் பொரித்த டேகுவா படைப்பார்கள். அவன் அம்மா அந்தத் தண்ணீரில் நிற்கும்போது இவன் எங்கே இருக்கிறான்? தீபாவளி லீவு முடிந்து இங்கே மெஷின் ஓட ஆரம்பித்திருக்கும். மறுபடி லீவு கேட்டால் கம்பெனியில் என்ன சொல்வார்கள் என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தச் சண்டையை எழுதி அனுப்புங்கள்.