கரண்டைப் புண்ணும் ஆயிரம் ரூபாய் அபராதமும்

கேள்வி: என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது பாதம் தொங்குகிறது. சுகரும் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் நம்பர் வாங்கிக் கூப்பிட்டதும் ஒருவர் வீட்டுக்கே வந்து டேப்பால் அளந்தார். நாலாம் நாள் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் ஸ்பிளின்டை மாட்டிவிட்டு 6,500 ரூபாய் வாங்கிப் போனார். பத்து நாளில் கரண்டையில் புண். கேட்டால், "பழகினா சரியாயிரும்" என்கிறார். சர்ஜிக்கல் கடையில் டெலிவரி வேலை பார்த்தவர் என்று இப்போதுதான் தெரிகிறது. போலீஸில் ஆஸ்பத்திரியைக் கேட்கச் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரியில் போலீஸைக் கேட்கச் சொல்கிறார்கள். யாரிடம்தான் புகார் செய்வது?
— ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: புகார் இருக்கட்டும் அம்மா, முதலில் ஸ்பிளின்டைக் கழற்றுங்கள். அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியோ, நெல்லை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியோ, இன்றைக்கே புண்ணைக் காட்டிவிடுங்கள். பழகப் பழகச் சரியாவது செருப்புக்கடி. சுகர்காரர் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், அப்படி இருந்தால் புண் எலும்புவரை போனாலும் அவருக்குத் தெரியாது.

ஸ்பிளின்ட் செய்வதுதான் முப்பது வருடம் நான் பார்த்த வேலை என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். டேப்பால் அளந்து இந்த ஸ்பிளின்டைச் செய்ய முடியாது. காலில் மெல்லிய உறையை மாட்டி, கரண்டை எலும்பு இரண்டு பக்கமும், சுண்டுவிரல் பக்கம் புடைத்திருக்கும் எலும்பு என்று உறுத்தும் இடத்தையெல்லாம் காப்பியிங் பென்சிலால் வட்டம் போட வேண்டும். அதன்மேல் மாவுக்கட்டு. கட்டை வெட்டி எடுத்தால் பென்சில் வட்டங்கள் உள்பக்கம் ஊதா நிறத்தில் பதிந்திருக்கும். அதற்குள் மாவை ஊற்றி, கால் மாதிரியே ஒரு அச்சு எடுத்து, வட்டம் உள்ள இடங்களில் மட்டும் கூடுதலாக மாவு அப்புவோம். பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி அச்சின்மேல் போர்த்தும்போது அந்த இடங்களில் கொஞ்சம் இடைவெளி விழும். எலும்பு தப்பிப்பது அந்த இடைவெளியால்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுரண்டைப் பெரியவர் ஒருவருக்கு அந்த மாவை அப்ப மறந்துவிட்டேன். சுகர்காரர். இரண்டு வாரம் கழித்து வந்து, "ஒண்ணுமே வலிக்கலையே தம்பி, நல்லாத்தான் இருக்கு" என்றார். சாக்ஸைக் கழற்றினேன். ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் போயிருந்தது. சீனியர் அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. அச்சை எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். படித்தவனுக்கே இந்த லட்சணம் என்றால் டேப்போடு வந்தவரை என்ன சொல்ல?

இனி சட்டம். இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் 1992-ல் வந்தது. இந்த வேலைக்கென்று படித்து, கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏற்றியவர்தான் இதைத் தொழிலாகச் செய்யலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் கொடுத்த 6,500-ல் அபராதத்தைக் கட்டிவிட்டு மிச்சத்தில் இன்னொரு ஸ்பிளின்டும் செய்துவிடலாம்! அதோடு, கவுன்சில் அதிகாரம் கொடுத்த ஆள் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் கோர்ட் இந்தக் குற்றத்தைக் கையில் எடுக்கும். கவுன்சில் இருப்பது டெல்லியில். ஸ்டேஷனில் கையை விரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போலி டாக்டர் என்றால் நம் அதிகாரிகளுக்கு ஊசியும் ஸ்டெதஸ்கோப்பும்தான் கண்ணில் படும். பெல்ட்டும் பிளாஸ்டிக்கும் வைத்திருப்பவர், "நான் என்ன வைத்தியமா பார்த்தேன், சாமான்தானே வித்தேன்" என்று நழுவிவிடுவார். கடையில் முட்டிக்கு ஒரு உறை வாங்கினால் அந்தப் பேச்சு செல்லும். அளந்து, செய்து, மாட்டிவிட்டவருக்கு எப்படிச் செல்லும்? ஊர்க் கட்டு வைத்தியராவது கட்டு பிசகினால் மறுநாள் அதே தெருவில் தலைகாட்ட வேண்டும். இவரிடம் இருப்பது ஒரு போன் நம்பர், அவ்வளவுதான்.

அவரிடம் பதிவு எண் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போடுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு ஆதாரம்தான். கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பிவிட்டு, அதன் நகலோடு திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். ஆனால் நான் அதிகம் நம்புவது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தைத்தான். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. பில் தரவில்லை என்று கவலைப்படாதீர்கள். ஜிபேயில் பணம் போட்டிருந்தால் பணம் போன அந்தப் பதிவு போதும்.

புண் ஆறியபின் வேறு ஸ்பிளின்ட் செய்யலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். புதிதாக மாட்டும்போது முதல் நாள் அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கழற்றி, தோலைப் பாருங்கள். சிவப்பு இருபது முப்பது நிமிடத்தில் மறையாவிட்டால் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள்.

அப்புறம், கோபத்தில் பழையதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். காலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புண்ணும் பிளாஸ்டிக் உறுத்திய இடமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்துவிட்டு, ஒரு பையில் போட்டு பீரோவில் பூட்டி வையுங்கள். ஆணையத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.