வாசகர் கேள்வி – பதில்: மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்கட்டும்

சபாவிலுள்ள கினபாலு மலைக்குக் குழுவாகப் புறப்படும் நம்மவர்களுக்காகச் சென்ற இதழில் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். விமானச் சீட்டு, தங்குமிடக் கட்டணம் பற்றிய கேள்விகளுக்குப் பயண முகவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். மலையில் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்வது, உடம்பு சொல்வதை எப்படிக் கேட்பது என்பவை பற்றிய கடிதங்களையே இம்முறை எடுத்துக்கொண்டேன்.

செந்தூல் வாசகி ஒருவர்: எங்கள் கோயில் இளைஞர் பிரிவிலிருந்து 14 பேர் செல்கிறோம். 3 வழிகாட்டிகள் தேவை என்கிறார்கள். எங்கள் தலைவர் ஏற்கெனவே இரண்டு முறை உச்சி வரை சென்றவர். அவரே எங்களை அழைத்துச் செல்லக்கூடாதா?

கூடாது. கினபாலு பூங்காவின் விதிப்படி வழிகாட்டி இல்லாமல் யாரும் உச்சிப் பாதையில் ஏற முடியாது; ஒரு வழிகாட்டிக்கு அதிகம் போனால் 5 பேர். ஆகவே உங்கள் 14 பேருக்கு 3 வழிகாட்டிகள் என்பது சரியான கணக்குத்தான். விதி என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் தலைவர் அந்தப் பாதையை இரண்டு முறை பார்த்திருக்கிறார். அங்குள்ள வழிகாட்டிகளில் பலர் மலையடிவாரத்து டூசுன் இன மக்களின் கிராமங்களில் பிறந்து, வாரத்துக்கு வாரம் அதே பாதையில் ஏறி இறங்குகிறவர்கள். மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் மழை நிற்காது என்பதும், எந்தப் படியில் மலையேறிகளின் முகம் வெளுக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

2015 ஜூன் 5 ஆம் நாள் காலையில் மலையை ஒட்டிய ரானாவ் வட்டாரத்தை 6.0 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியபோது, உச்சிப் பகுதியில் பாறைகள் சரிந்து 18 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம். அவர்களோடு இருந்த வழிகாட்டிகளும் மாண்டார்கள். உயிர் பிழைத்த வழிகாட்டிகள், பாதை சிதைந்து கிடந்த அந்த மலையிலிருந்து காயம்பட்டவர்களைத் தோளிலும் முதுகிலும் சுமந்து இறக்கினார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கூலியைத் தேவையற்ற செலவு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் தலைவர் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. அடுத்த கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

கிள்ளான் வாசகர் ஒருவர்: குழுவில் சிலர் வேகமாக நடப்பார்கள், சிலர் பின்தங்குவார்கள். வேகமானவர்கள் முன்னால் சென்று ஒவ்வோர் ஓய்வுக் குடிலிலும் காத்திருப்பது நல்ல ஏற்பாடுதானே?

பார்ப்பதற்கு நல்ல ஏற்பாடுபோல்தான் தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கோலாலம்பூரிலிருந்து நாங்கள் 9 பேராகச் சென்ற ஒரு பயணத்தில், 50 வயதைக் கடந்த அக்கா ஒருவர் எங்களோடு வந்தார். திம்போஹோன் வாயிலிலிருந்து புறப்பட்ட முதல் மணி நேரத்திலேயே இளையவர்கள் முன்னே போய்விட்டார்கள். ஒவ்வொரு குடிலிலும் அவர்கள் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கடலை மிட்டாயைப் பகிர்ந்துகொண்டு காத்திருந்தார்கள். அக்கா வந்து சேர்ந்ததும், "வந்துவிட்டீர்களா, சரி, புறப்படலாம்" என்று எல்லாரும் எழுந்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே, உட்காராமல், அவர்கள் பின்னாலேயே நடந்தார். மூன்று குடில்கள் இப்படியே கழிந்தன. எல்லாரிலும் களைத்துப் போயிருந்தவர் ஒருவர்தான். ஓய்வே கிடைக்காதவரும் அவர் ஒருவர்தான். எங்களில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

லாயாங்-லாயாங் குடிலில் எங்கள் வழிகாட்டிகளில் ஒருவர் இளைஞர்களை எழ விடவில்லை. அக்காவை உட்கார வைத்து, அவருடைய முதுகுப்பையைத் தம் கையாலேயே கழற்றி, பாட்டிலைத் திறந்து கொடுத்தார். பிறகு, "அவர் வந்ததும் நீங்கள் எழுந்துகொண்டால், அவர் எப்போது உட்காருவது?" என்று மலாயில் கேட்டார். அதற்குப் பிறகு அக்கா முன்னால் நடந்தார், வழிகாட்டி அவருக்கு அடுத்து நடந்தார், நாங்கள் எல்லாரும் பின்னால் நடந்தோம். வேகம் குறைந்தது உண்மை. ஆனால் நின்று நின்று நடப்பது போய், ஒரே சீராக நடந்ததால், இரவு தங்கும் இடமான பானாலாபானுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. மறுநாள் அதிகாலையில் அக்கா உச்சியைத் தொட்டார். முன்னே ஓடியவர்களில் இருவர் தலைவலியால் படுக்கையிலிருந்து எழவில்லை.

குழுத் தலைவருடைய வேலை இதுதான். மெதுவாக நடப்பவரை முன்னே விடுவதும், கடைசி ஆளுக்குப் பின்னால் பொறுப்பான ஒருவரை வைப்பதும், கடைசியாக வந்தவர் உட்கார்ந்த பிறகே ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்குவதும் அவருடைய கையில் இருக்கின்றன. மூச்சு வாங்காமல் இரண்டு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் ஒருவர்: நான் வாரம் மூன்று நாள் ஓடுகிறவன். எனக்கும் உயர்மலை நோய் வருமா? மருந்து சாப்பிடலாமா?

வரலாம். உடல் வலுவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு மிகக் குறைவு. மாரத்தான் ஓடுகிறவருக்கு வந்து, நடைப்பயிற்சி மட்டுமே செய்கிறவருக்கு வராமலும் போகும். மேலே போகப் போகக் காற்றில் உயிர்வளியின் விகிதம் குறைவதில்லை, அது 21 விழுக்காடாகவே இருக்கிறது. குறைவது காற்றழுத்தம். 4,095 மீட்டர் உயரமுள்ள உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் உயிர்வளியும் அந்த அளவுக்குக் குறைகிறது. அதற்கு உடம்பு பழகுவதற்கு நாள்கள் தேவை. கினபாலுவிலோ, கோலாலம்பூரில் காலையில் விமானம் ஏறியவர் மறுநாள் இரவே 3,272 மீட்டர் உயரத்திலுள்ள பானாலாபானில் படுத்துறங்கப் பார்க்கிறார். இந்த மலையின் உண்மையான சிக்கல் உயரத்தைக் காட்டிலும் இந்த அவசரம்தான். முடிந்தால் ஏறுவதற்கு முந்திய இரவைக் கோத்தா கினபாலு நகரத்தில் கழிக்காமல், 1,500 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் பூங்காத் தலைமையகத்தின் பக்கத்தில் கழியுங்கள்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, காரணமில்லாத களைப்பு ஆகியவை தொடக்க அறிகுறிகள். பலருக்கு இவை லேசாக வந்து, தண்ணீரும் ஓய்வும் கிடைத்தால் தணிந்துவிடும். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக்கூடாது. கூடினால் கீழே இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், விடியும்வரை காத்திருக்காமல் உடனே வழிகாட்டியிடம் சொல்லி இறக்கிவிடுங்கள். தள்ளாட்டத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: தரையில் ஒரு கோட்டைக் கற்பனை செய்து, குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி ஒட்டிப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறுகிறவரைத் தனியே விடாதீர்கள்.

அசெட்டசோலமைடு என்னும் மருந்து, டையமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது, உடம்பு உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும். ஏறுவதற்கு முந்திய நாளே தொடங்க வேண்டும். விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் அதன் பக்க விளைவுகள். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நண்பர் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்க வேண்டாம். மருத்துவரைப் பார்த்து எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்மவர்களுக்குத் தலைவலி வந்தால் வெளியே சொல்வதில்லை. "என்னால் எல்லாருக்கும் தொந்தரவு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார்கள். அதனால்தான் புறப்படும் முன்பே குழுவாக உட்கார்ந்து, யார் இறங்கினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டோம் என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

பினாங்கு வாசகி ஒருவர்: பயிற்சிக்குத் தண்ணீர்மலைப் படிகள் போதுமா?

தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளை நின்று நிதானமாக ஏறி இறங்குங்கள். பையில் இரண்டு பாட்டில் தண்ணீரையும் சுமந்து பழகுங்கள். பிறகு பொட்டானிக்கல் தோட்டத்துக்குப் பக்கத்திலிருந்து பினாங்குக் கொடிமலைக்குப் போகும் ஜீப் சாலைக்கு மாறுங்கள். கொடிமலையின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். கினபாலுவில் இரண்டாம் நாள் பானாலாபானிலிருந்து உச்சிக்கு ஏற வேண்டிய உயரம் 823 மீட்டர். அந்த உயரத்தை நீங்கள் உங்கள் ஊரிலேயே, நல்ல காற்றில் பழகிக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் மறப்பது இறங்குவதைத்தான். இரண்டாம் நாள் உச்சியைப் பார்த்துவிட்டு, அன்றே திம்போஹோன் வாயில் வரை 2,200 மீட்டருக்கும் மேல் இறங்க வேண்டும். அதில் பெரும்பகுதி படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது தொடைத் தசையும் முட்டியும் அடி வாங்கும். கொடிமலையில் ஏறிவிட்டு ரயிலில் இறங்கினால் பாதிப் பயிற்சிதான் ஆகும். கால் விரல் நகங்களை ஒட்ட வெட்டி, இறக்கத்தில் காலணிக் கயிற்றைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் பெருவிரல் நகம் கறுத்துப்போகும். கோலாலம்பூர் வாசகர்கள் பத்துமலையின் 272 படிகளில் தொடங்கி, பயணத்துக்கு ஒரு மாதம் முன்னர் உலு லங்காட்டிலுள்ள 1,493 மீட்டர் நுவாங் மலையை ஒரு முறை வழிகாட்டியோடு ஏறிப் பார்க்கலாம்.

செராஸ் வாசகர் ஒருவர்: 57 வயதான என் அப்பாவுக்கு நீரிழிவு. இன்சுலின் போடுகிறார். எங்களோடு வர ஆசைப்படுகிறார்.

ஆசையைத் தடுக்க வேண்டாம். ஆனால் அவருடைய மருத்துவர் இதயத்தையும் கண்களையும் பாதங்களையும் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே பணம் கட்டுங்கள். நீண்ட நேர நடையில் சர்க்கரை திடீரென இறங்கும். நடுக்கம், தலைவலி, சோர்வு என்று அது காட்டும் அறிகுறிகள் உயர்மலை நோயைப்போலவே இருக்கும். எது எதுவென்று ஊகிக்காமல் உடனே பரிசோதித்துப் பாருங்கள். விடியுமுன் உச்சியில் குளிர் உறைநிலையை ஒட்டி இறங்கும். சர்க்கரை அளவிடும் கருவி குளிரில் தவறான அளவைக் காட்டலாம். உறைந்த இன்சுலின் பயன்படாது. இரண்டையும் முதுகுப்பையில் வைக்காமல், உடம்பை ஒட்டிய உள்பையில் வையுங்கள். அப்பாவுக்கு நீரிழிவு இருப்பதும், இனிப்பு எந்தப் பையில் இருக்கிறது என்பதும் வழிகாட்டிக்கும் குழுவில் உள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஈப்போ சாலை வாசகி ஒருவர்: சைவ உணவு கிடைக்குமா?

முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் கிடைக்கும். அதை மட்டும் நம்பாமல் எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், வறுத்த கடலை கொஞ்சம் எடுத்துச் செல்லுங்கள்.

சுங்கை பூலோ வாசகர் ஒருவர்: சாயாட்-சாயாட் சாவடி வரை போன எங்கள் குழுவை, மழை என்று சொல்லி வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார். ஓராண்டு சேர்த்த பணம். அப்போது மழை அவ்வளவு பலமாகக்கூட இல்லை. புகார் செய்யலாமா?

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. சாவடியின் விளக்கொளியில் நின்றுகொண்டு, இன்னும் 400 மீட்டரே உயரம் பாக்கி என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவது எளிதல்ல. ஒருமுறை நானும் அங்கே நின்று அழுதிருக்கிறேன். ஆனால் புகார் செய்ய வேண்டாம். சாவடிக்கு மேலே மண் இல்லை, மரம் இல்லை. சாய்ந்து கிடக்கும் கருங்கல் பாறை மட்டும்தான். பெய்யும் மழை எங்கும் ஊறாமல் அப்படியே வழிந்து ஓடும். நீங்கள் நின்ற இடத்தில் தூறலாக இருந்தாலும், மேலே பெய்தது கால்மணி நேரத்தில் பாறை முழுவதும் தகடாக ஓடி வந்துவிடும். பிடித்து ஏறும் வெள்ளைக் கயிறு நனைந்து, கையுறை நனைந்து, விரல் மரத்துப்போன பிறகு கயிற்றைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பதே கைக்குத் தெரியாது. அந்த நிலையில் 5 பேரை இருட்டில் இறக்க வேண்டிய பொறுப்பு அந்த ஒருவருடையது. உங்களை உச்சிக்குக் கூட்டிச் சென்றிருந்தால் அவருக்கு நன்றியும் பாராட்டும் கிடைத்திருக்கும். திருப்பி அனுப்பினால் மனக்கசப்புத்தான் கிடைக்கும் என்று தெரிந்தே அவர் அந்த முடிவை எடுத்திருக்கிறார்.

அடுத்த முறை பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, மழை சற்றுக் குறைந்திருக்கும் மாதங்களில் நாள் பாருங்கள். படுக்கைகள் குறைவு என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும். பதியும்போது, அதே வழிகாட்டி கிடைப்பாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.