ஆங்கில மரபுத்தொடர்கள்: கேள்வி பதில்

கேள்வி: 'எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் தி ரூல்' என்கிறார்களே ஐயா, விதிவிலக்கு எப்படி விதியை மெய்ப்பிக்கும்?

பதில்: இத்தொடரின் வேர் சட்டத்துறையில் இருக்கிறது. கி.மு. 56-இல் ரோமில் பால்புஸ் என்பவரின் குடியுரிமை செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்கில் அவருக்காக வாதாடிய சிசரோ, சில உடன்படிக்கைகளில் மட்டும் இன்ன மக்களுக்குக் குடியுரிமை தரலாகாது என்று விலக்கி எழுதியிருப்பதே, அவ்வாறு விலக்காத இடங்களில் தரலாம் என்பதற்குச் சான்று என வாதிட்டார். 'ஞாயிற்றுக்கிழமை இங்கே வண்டி நிறுத்தக் கூடாது' என்ற பலகை, மற்ற நாள்களில் நிறுத்தலாம் என்ற விதியைச் சொல்லாமலே உணர்த்துகிறது அல்லவா? ஆகவே, தம் கருத்துக்கு முரணான சான்று ஒன்று கிடைத்ததும் அதையே ஆதரவாகக் காட்ட இத்தொடரைக் கையாள்வது முறையன்று. நன்கு படித்தவர்களும் அப்படிக் கையாள்வது வருத்தம் தருகிறது.

கேள்வி: 'டோ தி லைன்' என்பதில் வருவது கயிறு கட்டி இழுக்கும் 'டோ'வா?

பதில்: இல்லை, கால்விரலைக் குறிக்கும் 'டோ'. வரைந்த கோட்டில் விரல்நுனி படும்படி வரிசையாக நிற்பதிலிருந்து, கட்டளைக்கு இணங்கி நடத்தல் என்ற பொருள் வந்தது.

கேள்வி: மனைவியைக் கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாத தடியால் அடிக்கலாம் என்ற பழைய ஆங்கிலச் சட்டமே 'ரூல் ஆஃப் தம்ப்' ஆயிற்று என்று படித்தேன். இனி இதைச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம் அம்மா. 1782-இல் ஃபிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி அவ்வாறு கூறியதாகப் பேச்சு எழுந்ததும், ஜேம்ஸ் கில்ரே அவரைத் தடி விற்பவராகக் கேலிச்சித்திரம் வரைந்தார்; ஆனால் அப்படியொரு சட்டம் இங்கிலாந்தில் இயற்றப்பட்டதில்லை. அளவுகோலின்றிப் பட்டறிவால் கணித்தல் என்ற பொருளில் இத்தொடர் 17-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. அக்காலப் பெண்கள் பட்ட கொடுமை உண்மையே; அதைச் சொல்ல இந்தக் கதை தேவையில்லை.

கேள்வி: 'பேட்டட் ப்ரெத்' என்பதன் முதற்சொல்லில் 'ஐ' என்ற எழுத்து வருமா?

பதில்: வராது. 'ஐ' சேர்த்தால் தூண்டில் இரையாகிவிடும். இது குறைதலைக் குறிக்கும் 'அபேட்' என்பதன் சுருக்கம். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஷைலாக், தன்னை இழிவுபடுத்தியவர்களிடமே தான் குரலை ஒடுக்கிப் பணிவோடு பேச வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் இது வருகிறது. ஆவலோடு மூச்சை அடக்கிக் காத்திருத்தல் என்ற இன்றைய பொருள் பின்னால் வந்து சேர்ந்தது.