மேற்கு பார்த்த கண்ணாடி

அன்புள்ள ஐயா,

சூரமங்கலத்தில் எங்களுக்கு மேற்கு பார்த்த மனை ஒன்று இருக்கிறது. கீழே கடை, மேலே இரண்டு தளம் ஆபீஸ் வாடகைக்கு என்று திட்டம். முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி போடலாம் என்கிறார் இன்ஜினியர். வெயில் அடிக்குமே என்றால், "நியூயார்க்கில் ஆற்றங்கரையில் ஐ.நா. கட்டடத்தை 1950லேயே முழுக் கண்ணாடியில் கட்டிவிட்டார்கள், இன்னும் நிற்கிறது" என்று போனில் படம் காட்டுகிறார். அந்தக் கட்டடத்தின் கதை என்ன? அவர் சொல்வதை நம்பலாமா?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

ஆண்டு சரிதான். ஐ.நா. ஊழியர்கள் அந்தக் கட்டடத்தில் குடியேறத் தொடங்கியது 1950 ஆகஸ்டில். 39 மாடி, 505 அடி உயரம். ஆனால் அந்தக் கண்ணாடியை வைத்து, கட்டுவதற்கு முன்பே பெரிய சண்டை நடந்தது. உங்கள் இன்ஜினியர் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் இடம். ஈஸ்ட் ரிவர் என்று பெயர் இருந்தாலும் அது ஆறு இல்லை. இரு முனையிலும் கடல்நீர் ஏறி இறங்கும் நீரிணை. அதன் கரையில் அந்தக் காலத்தில் வரிசையாக ஆடு மாடு அறுக்கும் கூடங்கள். பக்கத்தில் 1920களில் டியூடர் சிட்டி என்ற அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியவர்கள், நாற்றத்துக்குப் பயந்து ஆற்றுப் பக்கச் சுவரில் சன்னலே வைக்காத குறையாகக் கட்டினார்கள். நம் திருமணிமுத்தாற்றங்கரையில் கொல்லைப்புறத்தை ஆற்றுக்குக் காட்டி நிற்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். செக்கன்டார்ஃப் என்ற மனை வியாபாரி அந்த நிலத்தை வளைத்துப்போட்டு வைத்திருந்தார். 1946 டிசம்பரில் அமெரிக்கப் பெரும் பணக்காரர் இளைய ராக்பெல்லர் 85 லட்சம் டாலர் கொடுத்து அதை ஐ.நா.வுக்கு வாங்கித் தந்தார்.

மறு வருஷம் பல நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் கூடி உட்கார்ந்தார்கள். தலைவர் அமெரிக்கரான வாலஸ் ஹாரிசன். பிரான்சிலிருந்து லெ கொர்பூசியே, பிரேசிலிலிருந்து ஆஸ்கார் நீமையர். இவர்கள் இருவரின் வரைபடங்களையும் கலந்துதான் கடைசித் திட்டம் வந்தது. கோபுரத்தின் குறுகலான வடக்கு, தெற்குப் பக்கங்கள் சன்னலே இல்லாத வெள்ளைச் சலவைக்கல் சுவர். அகலமான இரண்டு பக்கமும் கண்ணாடி. ஒன்று கிழக்கே ஆற்றைப் பார்த்து, இன்னொன்று மேற்கே ஊரைப் பார்த்து.

இங்கேதான் சண்டை. கண்ணாடிக்கு வெளியே வெயில் தடுப்புப் பலகைகள் கட்டாயம் வேண்டும் என்று லெ கொர்பூசியே பிடிவாதமாக நின்றார். காரணம் இருந்தது. ரியோ நகரில் அதற்கு முன் எழுந்த கல்வி அமைச்சகக் கட்டடத்துக்கு அவர் ஆலோசகர், நீமையர் அந்தக் குழுவில் ஒருவர். அதில் திருப்பி வைக்கக்கூடிய பலகைகளை வெளியே பொருத்தி வெயிலைச் சமாளித்திருந்தார்கள். ஹாரிசன் ஒப்பவில்லை. வெப்பத்தை உறிஞ்சும் பச்சைச் சாயல் கண்ணாடி, உள்ளே திரை, மிச்சத்தை ஏசி பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. வெப்பத்தை உறிஞ்சும் கண்ணாடி தானும் சூடாகும், அந்தச் சூட்டில் ஒரு பங்கை உள்ளே தள்ளும். உள்ளே போடும் திரையும் அப்படித்தான். வெயில் சன்னலைத் தாண்டி வந்த பிறகுதான் அது தடுக்கிறது.

"இன்னும் நிற்கிறது" என்ற பேச்சுக்கு வருகிறேன். நிற்பது எலும்புக்கூடு. 2008ல் தொடங்கிய பெரிய மராமத்தில் பழைய கண்ணாடிச் சுவரை மொத்தமாகக் கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். ஊழியர்கள் திரும்பி வந்தது 2012ல். ஐ.நா.வுக்கு அது முடிந்தது. வாடகையை நம்பிக் கட்டுகிற உங்களுக்கு முடியுமா?

அங்கே தோற்ற லெ கொர்பூசியே 1950களில் நம் நாட்டுக்கு வந்து, சண்டிகர் தலைமைச் செயலகத்தில் தன் எண்ணப்படியே செய்தார். சுமார் 250 மீட்டர் நீளக் கட்டடம், முகப்பு முழுக்க ஆழமான கான்கிரீட் தடுப்புகள். உங்கள் இன்ஜினியர் போனில் காட்ட வேண்டிய படம் அது.

நியூயார்க்காரருக்காவது பனிக்காலத்தில் கண்ணாடி வழியாக வரும் வெயில் வரம். சேலத்தில் பங்குனி, சித்திரை மாலையில் அதே வெயிலுக்கு நீங்கள் மின்கட்டணம் கட்ட வேண்டும். இன்னொரு விஷயம்: உச்சி வெயிலை இரண்டடி சன்ஷேடு மறைக்கும், நாலு மணி வெயிலை மறைக்காது. அது தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கும். அதற்குச் செங்குத்தான தடுப்பு வேண்டும். ஜாலி (காற்று புகும் துளைகள் உள்ள தடுப்புச் சுவர்) போடலாம், ஆழமான வராந்தா விடலாம், தெருவில் இடமிருந்தால் வேம்பும் புங்கனும் வைக்கலாம். மேட்டூரில் ஏற்காட்டு பாக்சைட்டிலிருந்து 1960களிலேயே அலுமினியம் எடுத்த ஊர்ப்பக்கம் நாம். அதே அலுமினியத்தில் பலகைகள் செய்து கண்ணாடிக்கு வெளியே நிறுத்தலாம்.

முகப்பைக் காட்டும் எலிவேஷன் படத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தளத்தின் பிளானை வாங்கிப் பாருங்கள். மாடிப்படி, கழிப்பறை, சாமான் அறை இவற்றை மேற்கே தள்ளி, ஆட்கள் உட்காரும் அறைகளைக் கிழக்கிலும் வடக்கிலும் வைக்க முடியுமா என்று கேளுங்கள். கடைக்குக் கண்ணாடி வேண்டும்தான், கீழ்த்தளத்தில் தாராளமாகப் போடுங்கள், மேலே வராந்தா நீட்டிக்கொண்டால் அதற்கும் நிழல் கிடைக்கும். பிளான் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.