வாசகர் கராஜ்: பழைய டட்சன் பிக்கப்புக்கு எந்த எஞ்சின், எந்த கியர்பொக்ஸ்?

கேள்வி: என்னிடம் 1970களின் டட்சன் 1200 பிக்கப் இருக்கிறது. ஏ12 எஞ்சின், 4 கியர். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் 80இல் போனாலே எஞ்சின் அலறுகிறது. 300 கிலோ ஏற்றினால் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. ஒரு மெக்கானிக் பாஸ் டொயோட்டா 2சி டீசல் போடச் சொல்கிறார், இன்னொருவர் டொயோட்டா 4ஏ பெற்றோல் என்கிறார். எதைப் போடலாம்?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு வெவ்வேறு குறைகள். அலறுவது கியர்பொக்ஸின் குறை, மூச்சு வாங்குவது எஞ்சினின் குறை. இரண்டையும் டட்சனைச் செய்த நிசானின் ‘ஏ’ எஞ்சின் குடும்பத்துக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பின் ரயரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, எவ்வளவு தூரம் போனது என்று அளந்து பாருங்கள். 1.7 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷலின் பல் விகிதம் 3.9 என்றால், நான்காம் கியரில் 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,060 சுற்று ஓடும். 0.85 விகிதமுள்ள ஐந்தாம் கியர் இருந்தால் அது 2,600 ஆகிவிடும். எஞ்சினைத் தொடாமலே அலறல் அடங்கும்.

ஆனால் ஏ12 வெறும் 1171 சிசி. ஐந்தாம் கியரில் சுமையோடு போக அதற்குத் திராணி போதாது. அதனால்தான் ஏ14 (1397 சிசி) அல்லது ஏ15 (1488 சிசி) எஞ்சினைச் சொல்கிறேன். கியர்பொக்ஸைப் பூட்டும் போல்ட் துளைகள் ஒத்துவரும். எடையில் பெரிய வேறுபாடு இல்லாததால் முன் ஸ்பிரிங் தாழாது. 2சியோ கனத்த இரும்பு டீசல். உங்கள் வண்டியின் முன் டிரம் பிரேக்குக்கு அந்தப் பாரம் ஆகாது. 4ஏ நல்ல எஞ்சின்தான். ஆனால் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் பிடி), சம்ப் (அடியிலுள்ள ஒயில் தொட்டி), கியர் லீவர் வரும் இடம் எல்லாவற்றையும் லேத்திலும் வெல்டிங்கிலும் புதிதாகச் செய்யவேண்டும். பிறகு ஏதாவது உடைந்தால் அளவு சொல்லி உதிரி கேட்கவும் முடியாது.

ஏ14, ஏ15 புளொக் ஏ12ஐவிட ஏறத்தாழ 15 மி.மீ. உயரம். ஆகவே எக்ஸோஸ்ட் குழாயை நீட்டவேண்டும், மேல் ரேடியேற்றர் ஹோஸை மாற்றவேண்டும், எயார் கிளீனர் பொனட்டில் இடிக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஏ12இன் புஷ்ரொட் (வால்வை இயக்கும் தண்டு) இதற்குச் சரிவராது. நிசான் வனெட் வானிலிருந்து கழற்றிய ஏ15 கிடைத்தால் அதன் சம்பையும் மவுண்ட் பிராக்கெட்டையும் கழற்றி உங்களுடையதைப் போடுங்கள். சம்பை மாற்றும்போது உள்ளேயுள்ள ஒயில் உறிஞ்சும் குழாயையும் சேர்த்தே மாற்றவேண்டும். குழாயின் வாய் சம்பின் அடியில் சரியாக உட்காராவிட்டால், வளைவில் திரும்பும்போது ஒயில் அழுத்தம் விழுந்து பெயாரிங் போய்விடும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

கியர்பொக்ஸ் வாங்கும்போது வனெட்டுடையதை விடுங்கள். அதன் லீவர் நேரே மேலே வராது, தண்டுகள் வழியே இழுக்கும். பழைய நிசான் சன்னி காரின் (பின்சக்கரம் இயங்கும் வகை) 5 கியர் பொக்ஸைத் தேடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைத்தெருவில் கடைக்காரர் ‘5 கியர்தான்’ என்றால் அப்படியே நம்பவேண்டாம். கடைசிக் கியரில் போட்டு, முன் ஷாப்ட்டைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். பின்பக்கம் பதினொன்றரைக்கு மேல் சுற்றினால் அது உண்மையான ஓவர்டிரைவ், அதாவது எஞ்சினைவிடப் பின்பக்கம் வேகமாகச் சுற்றும் கியர். பத்தே சுற்றினால் உங்கள் பணம் வீண்.

கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெலர் ஷாப்ட்டைப் புதிய கியர்பொக்ஸுக்கு ஏற்ப வெட்டுமுன் வண்டியை நான்கு சக்கரத்தில் நிறுத்தி அளவெடுங்கள். ஜக்கில் தொங்கவிட்டு எடுத்த அளவு பொய். கியர்பொக்ஸுக்குள் போகும் யோக் முழுவதும் உள்ளே போனபின் 20 முதல் 25 மி.மீ. வெளியே இழுத்த நிலைதான் சரியான நீளம். யோக்கின் பற்கள் ஒத்துவராவிட்டால் அதையும் கியர்பொக்ஸோடு கேட்டு வாங்குங்கள். வெட்டி ஒட்டியபின் பலன்ஸ் செய்யாமல் ஓடினால் நடுக்கம் முதலில் கியர்பொக்ஸின் பின் பெயாரிங்கைத்தான் தின்னும்.

பூட்டியபின் எஞ்சின் சூடாக இருக்கையில் வால்வு இடைவெளியை 0.35 மி.மீ.க்கு வையுங்கள். வாங்கிய எஞ்சினோடு வந்த கார்பரேற்றரில் பாவிக்காத வெக்கியூம் குழாய்கள் திறந்திருந்தால் அடைத்துவிடுங்கள். காற்று உள்ளே போனால் ஐட்லிங் சீராக இருக்காது, புகைப் பரிசோதனையிலும் தவறுவீர்கள். இவ்வளவு செலவழிக்குமுன் பிரேக் சிலிண்டர்களையும், குறுக்குச் சட்டத்தில் கடற்காற்றுத் துரு ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சட்டம் அரித்திருந்தால் முதல் வேலை அதுதான்.

கேள்வி: 5 கியர் பொக்ஸ் போட்ட நாளிலிருந்து கிளட்ச் முழுக்க மிதித்தாலும் கியர் கரகரக்கிறது. பெடல் அட்ஜஸ்ட் செய்தும் பயனில்லை.
— கல்கிசை வாசகர்

பதில்: கிளட்ச் கவரின் உயரமும் ரிலீஸ் பெயாரிங் ஏறும் கொலரின் நீளமும் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். நிசான் பல நீளங்களில் கொலர் செய்தது. தாழ்ந்த கவரோடு குட்டைக் கொலர் சேர்ந்தால், பெடல் அடிவரை போனாலும் பெயாரிங் கவரின் விரல்களைப் போதியளவு தள்ளாது. மாறிச் சேர்ந்தால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாக அழுத்தப்பட்டுத் தேயும். கவர் எந்த வண்டியுடையதோ கொலரும் அதே வண்டியுடையதாக இருக்கட்டும். கியர்பொக்ஸை இறக்கும்போது இன்னும் இரண்டைப் பாருங்கள்: கிளட்ச் தட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா, கிராங் முனையில் பைலட் புஷ் (கியர்பொக்ஸ் ஷாப்ட்டின் நுனியைத் தாங்கும் வளையம்) இருக்கிறதா. ஓட்டோ கியர் காரிலிருந்து வந்த எஞ்சினில் அந்தப் புஷ் இருக்காது.

கேள்வி: பழைய கியர்பொக்ஸுக்கு ஜிஎல்-5 தரக் கியர் ஒயில் ஊற்றலாமா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: டிஃபரன்ஷலுக்கு ஊற்றுங்கள். கியர்பொக்ஸுக்கு ஜிஎல்-4. உள்ளே கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களை ஜிஎல்-5இன் கந்தகச் சேர்மானம் அரிக்கக்கூடும்.

கேள்வி: எஞ்சின் மாற்றினால் பதிவேட்டில் என்ன செய்யவேண்டும்?
— தெஹிவளை வாசகர்

பதில்: பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது, ஆகவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியவேண்டும். டீசலுக்கு மாறினால் எரிபொருள் வகையும் மாறும். கடையில் பில் வாங்கும்போது எஞ்சின் இலக்கத்தை அதில் எழுதச் சொல்லுங்கள், இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியையும் கேளுங்கள். புளொக்கில் இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் அதைத் தொடவேண்டாம். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.