கணினி இருக்கும்போது தனியாக ஒரு மிடி சீக்வென்சர் எதற்கு?

"மேடையில் வாசிக்க ஆசை. கணினியில் மென்பொருள் இருக்கிறது. பிறகு எதற்கு ஹார்டுவேர் சீக்வென்சர்? எப்படியும் பட்டனை அழுத்தினால் பாட்டு ஓடப்போகிறது, அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

உங்களிடம் ஒன்றிரண்டு சிந்தசைசர் இருக்கும். கணினியில் எட்டு பார் (தாளச் சுற்று) வரை வந்து நின்றுபோன துண்டுகள் நிறைய கிடக்கும். நானும் அங்கிருந்துதான் வந்தேன். திரையில் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிவதால் நான் பாட்டைக் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீக்வென்சர் வந்த பிறகு அது மாறியது. அந்தப் பெட்டியிலிருந்து ஒலி வராது. எந்த நோட்டு (சுரம்), எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் என்ற கட்டளைகளை மட்டும் மற்ற கருவிகளுக்கு அனுப்பும். அந்தக் கட்டளைகளின் மொழிதான் மிடி. ஒருநாள் டிரம்முக்கு 16 ஸ்டெப் (ஒரு பாரைப் பிரித்த சிறு கட்டங்கள்) வைத்துவிட்டு, மெட்டு ட்ராக்கின் நீளத்தைத் தவறுதலாக 5 ஸ்டெப்பில் விட்டுவிட்டேன். மெட்டு ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் வந்து விழுந்தது. 80 ஸ்டெப், அதாவது ஐந்து பார் கழித்துத்தான் இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்கின. திருத்தலாம் என்று கை போனது, காது விடவில்லை. நான் முதன்முதலில் முழுதாக முடித்த பாட்டு அதுதான்.

கணினியிலும் இதைச் செய்யலாம் என்று யாராவது வருவீர்கள், தெரியும். செய்யலாம். நானும் பதிவுக்கும் மிக்ஸிங்குக்கும் இன்றுவரை கணினியைத்தான் பயன்படுத்துகிறேன். மடிக்கணினியோடு மேடையேறிப் பிரமாதமாக வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு எது கைகொடுத்தது என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, மேடைக்கு வருகிறேன். என் இரண்டாவது நிகழ்ச்சி, மூன்றாவது பாட்டு. நான்கு நோட்டு சேர்ந்து ஒலிக்கும் ஒரு நீண்ட கார்டு போய்க்கொண்டிருந்தது. அடுத்த பகுதிக்குப் போகும் அவசரத்தில், கார்டு முடியும் முன்பே அந்த ட்ராக்கை ம்யூட் செய்துவிட்டேன். மிடியில் நோட்டைத் தொடங்க ஒரு செய்தி, நிறுத்த இன்னொரு செய்தி. என் பெட்டி ம்யூட் செய்த கணத்தில் எல்லாவற்றையும் மறித்துவிட்டதால், நிறுத்தச் சொல்லும் செய்தி சிந்தசைசருக்குப் போய்ச் சேரவே இல்லை. அடுத்த பகுதி வேறு சுருதி. அதன் அடியில் பழைய கார்டு விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. பேஸ் கிதார் வாசித்த நண்பர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பதற்றத்தில் சிந்தசைசரை அணைத்துப் போட்டேன். அது தன் முதல் ஒலிக்கே திரும்பிவிட்டது, காதைக் கிழிக்கும் ஒரு லீட் ஒலி. கடைசியில் டிரம்மையும் பேஸையும் மட்டும் வைத்து, ஹை-ஹாட்டை எடுத்தும் சேர்த்தும், எப்படியோ முடித்தோம்.

இறங்கி வந்ததும் ஒருவர் கேட்டார்: "எல்லாம் முன்னாடியே போட்டு வெச்சதுதானே?" ரொம்ப வலித்தது. போட்டு வைத்தது ஓடியிருந்தால் எனக்கு அந்த நான்கு நிமிடம் வியர்த்திருக்காது. எந்த பாரில் எதை எடுப்பது, எதை விடுவது, எப்போது காத்திருப்பது என்பதெல்லாம் அந்த நேரத்து முடிவுகள். அதற்காக நாள்தோறும் உட்கார்ந்து பார் எண்ணி ம்யூட் பட்டன்களைப் பழகியிருக்கிறேன். அதையும் வாசிப்பு என்றுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு சில பழக்கங்கள் வந்தன. நீண்ட நோட்டுகளை பார் முடிவதற்குச் சற்று முன்பே முடித்துவிடுவேன். எல்லா நோட்டுகளையும் நிறுத்தச் சொல்லும் கன்ட்ரோலர் 123-ஐ ஒரு பட்டனில் வைத்திருக்கிறேன். சில கருவிகள் அதைக் கண்டுகொள்ளாது, அவற்றுக்கு ஒலியையே உடனே அணைக்கும் 120. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் ஒரு காலி பாரில் புரோகிராம் சேஞ்ச், அதாவது எந்த ஒலிக்கு மாற வேண்டும் என்ற கட்டளை, போய்விடும். அப்புறம், டிரம்முக்குத் தனி மிடி அவுட் (கட்டளை வெளியே போகும் இணைப்பு). பழைய ஐந்து முனை மிடி கேபிளில் ஒரு நோட்டு போக ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகும். பெரிய கார்டும் கிக் டிரம்மும் ஒரே கேபிளில் ஒரே ஸ்டெப்பில் வந்தால் கிக் கொஞ்சம் பிந்தலாம், அது காலுக்குத் தெரிந்துவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்: அடாப்டர்கள். ஒன்றுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். பக்கத்தில் இருப்பதற்கு 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். இரண்டுக்கும் ஒரே அளவு பிளக்! இருட்டில் மாற்றிச் செருகி நல்ல ஒரு டிரம் மெஷினை இழந்திருக்கிறேன். 1983-லேயே போட்டி போடும் இசைக்கருவி நிறுவனங்கள் சேர்ந்து மிடி என்ற ஒரே மொழிக்கு ஒப்புக்கொள்ள முடிந்தது, ஒரு மின்முனைக்கு இன்றுவரை முடியவில்லை. இப்போது ஒவ்வொரு வயரிலும் வண்ண டேப் சுற்றி வைத்திருக்கிறேன், நீங்களும் முதல் நாளே சுற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு சிந்தசைசர்தான் இருக்கிறதென்றால் உடனே வாங்க வேண்டாம். பல கருவிகளுக்குள்ளேயே சிறிய சீக்வென்சர் இருக்கும், அதில் ஒரு மாதம் பாருங்கள். வாங்கும்போது எத்தனை மிடி அவுட், ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனி நீளம் வைக்க முடியுமா, ம்யூட் செய்தால் ஒலிக்கும் நோட்டை நிறுத்துகிறதா என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதை, ஒரு நீண்ட கார்டு ஒலிக்கும்போதே ம்யூட்டை அழுத்தி, உங்கள் காதாலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள்.