திரையில் அடிமட்டம் வைத்தால் ஓஃப்சைட் தெரியாது

உங்களை ஏமாற்றியது அந்த அடிமட்டம்தான். உதைபந்தாட்டம் பார்க்கும்போது டிவியை நிறுத்தி, திரையில் நிமிர்ந்த கோடு பிடித்து, "கோல் அடித்தவர் எதிரணி ஆளைத் தாண்டாமல் பின்னால்தான் நிற்கிறார், வீஏஆர் (வீடியோ பார்த்து நடுவருக்கு உதவுபவர்) ஏன் கோலை இரத்து செய்தது?" என்று கேட்கிறீர்கள். பந்து கொடுக்கும் கணத்தில், எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டிக் கோல் கோட்டுக்கு அருகில் நிற்பதுதான் ஓஃப்சைட். கமரா சரிவாகப் பார்க்கும்போது கோல் கோட்டுக்கு இணையான கோடு திரையில் சாய்ந்துதான் போகும். வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள். இணையான இரண்டும் தூரத்தில் ஒட்டிக்கொள்வது போலத் தெரியும், இல்லையா?

சரி, அதே காட்சியை மறுபடி நிறுத்துங்கள். பந்து கொடுப்பவரின் கால் பந்தை முதலில் தொடும் கணம் வேண்டும். பெனல்டி பெட்டியின் முன்கோடு (அது கோல் கோட்டுக்கு இணையானது) எப்படிச் சாய்கிறதோ அதை ஒட்டி, அந்த எதிரணி ஆள் நிற்கும் இடத்தில் கோடு பிடித்துப் பாருங்கள். தலை, உடல், கால் மட்டும்தான் கணக்கு. கை சேராது.

ஆனால் கமரா எடுப்பது செக்கனுக்கு 50 படம் என்றால், செக்கனுக்கு 8 மீற்றர் ஓடுபவர் இரண்டு படங்களுக்கு நடுவே 16 சென்ரிமீற்றர் போய்விடுவார். 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில் செக்கனுக்கு 500 தடவை தரவு அனுப்பும் சென்சரைப் பந்துக்குள்ளேயே வைத்தார்கள், தொட்ட கணத்தைத் துல்லியமாகப் பிடிக்க. அது இல்லாத போட்டியில் பெருவிரல் அளவு வித்தியாசத்துக்குக் கோலைப் பறிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.